இறங்க வேண்டிய வளையம்

கோத்தகிரிச் சரிவில் கார் பட்டறை வைத்திருந்தாள் ரெஜினா. வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் நஞ்சப்பன், ஐம்பதைத் தாண்டியவர். தேயிலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள், "இவ்வளவு காலம் வண்டிக்கு மேலே உட்கார்ந்தாச்சு, இனி அடியில படுத்துப் பார்க்கிறேன்" என்று வந்து சேர்ந்துகொண்டார். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். ஊர் கொஞ்ச நாள் சிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

அன்று காலை நர்ஸ் சாந்தகுமாரியின் கார் உறுமிக்கொண்டே வந்து நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கிற கார். மழை பிடித்துவிட்டால் மேல்மலைக் குடியிருப்புகளுக்கு ஏறக்கூடியது அது ஒன்றுதான்.

"மத்தியானம் மேலே தடுப்பூசி போடணும் ரெஜினா. தாய்மாருங்க கைப்பிள்ளையோட வந்து உட்கார்ந்திருப்பாங்க. வண்டி ஏறுமா?"

ரெஜினா ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி சத்தம்.

"பேரிங் தேஞ்சுபோச்சு. நீங்க டிபன் சாப்பிட்டு வாங்க, ஏத்தி அனுப்புறேன்."

போன தடவையே அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்திருந்தது. இரண்டு பின்சக்கரத்துக்கும் புதுப் பேரிங் வரவழைத்து வைத்திருந்தாள்.

பல கார்களில் பின்சக்கரம் சும்மா சுற்றும். இதில் இன்ஜினின் இழுவையைக் கொண்டுவரும் தண்டு சக்கரத்தின் நடுவிலேயே நுழைந்து நிற்கும். அதைத் தள்ளாமல் பேரிங்கைத் தொட முடியாது. நஞ்சப்பன் நீளக் குழாயை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று நட்டைக் கழற்றினார். துருவுக்கு எண்ணெய் விட்டு, பதமாகத் தட்டித் தண்டை உள்ளே தள்ளினார். பேரிங் உட்கார்ந்திருந்த இரும்புக் கூட்டைக் கழற்றி அழுத்தும் பிரஸ்ஸில் வைத்து, பழசை வெளியே தள்ளினார். எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டது. அவருக்கு ஒரே குஷி.

அப்போது அவர் போன் அடித்தது. மனைவி தெய்வானை. எடுத்ததும் அவரே ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை பையன் வர்றானா இல்லையா? அப்பன் கேட்டாருன்னு சொல்லு. பேக்கரிதான் பெருசுன்னா அங்கேயே கிடக்கட்டும்னு சொல்லு. என்னது? மறுபடியும் தலை சுத்துதா? மாத்திரை போட்டுக்க. போட்டுட்டு அவன்கிட்ட சொல்லு."

போனை வைத்தவர் முகம் வாடியிருந்தது.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். என் பையன் மகேந்திரனைப் போலீஸ் பரீட்சை எழுதச் சொன்னேன். அவன் திருப்பூர்ல பேக்கரி வச்சுட்டான். அன்னியிலிருந்து நானும் அவங்கம்மா மூலமா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அவ தொண்டை வத்திப்போச்சு. அவன் ஒரு இம்மி நகரலை. ஏன் மாஸ்டர்?"

"முதல்ல புதுப் பேரிங்கை இறக்குங்க."

பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம். நடுவில் இரும்புக் குண்டுகள். நஞ்சப்பன் அதைக் கூட்டின் வாயில் வைத்தார். மேலே வைத்து அழுத்த ஒரு சின்ன இரும்பு வில்லையை எடுத்தார். உள்வளையத்தின் மேல் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ரெஜினா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிரஸ் கைப்பிடியை அடித்தார். இறுகியது. இன்னும் அழுத்தினார். கடைசியில் பேரிங் அடிவரை இறங்கியது.

"முடிஞ்சுது மாஸ்டர்."

"சுத்திப் பாருங்க."

சுற்றினார். விரலுக்கடியில் தட்டித் தட்டி நின்றது.

"புதுசாச்சே இது?"

"எந்த வளையத்தை அழுத்துனீங்க?"

"உள்ளே இருக்கிறதை."

"கூட்டுக்குள்ள இறங்க வேண்டியது எது?"

"வெளிவளையம்."

"உங்க பலம் அதுக்கு எது வழியாப் போச்சு?"

நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். "நடுவுல இருக்கிற குண்டு வழியா."

"அதுங்க உருளத்தான் இருக்கு அண்ணே. அடி வாங்க இல்லை."

நஞ்சப்பன் துணியில் கையைத் துடைத்தார். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க. தடுத்திருக்கலாமே?"

"இது கெட்டா கோயம்புத்தூர்ல இன்னொண்ணு கிடைக்கும்."

நஞ்சப்பன் மறுபடி பிரஸ் பக்கம் திரும்பினார். கெட்டதை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த சக்கரத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது பேரிங்கை எடுத்தார். இதுவும் போனால் நர்ஸம்மா நடந்துதான் மலையேற வேண்டும். அகலமான வில்லையைத் தேடி எடுத்து, வெளிவளையத்தின் மேல் மட்டும் பொருந்துகிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். பாதி பலம்கூடத் தேவைப்படவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுற்றிவிட்டார். சத்தமே இல்லை.

சாந்தகுமாரி வருவதற்குள் சக்கரம் மாட்டியாகிவிட்டது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவள் கண்ணாடியை இறக்கி, "என்ன இது, வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியலை" என்றாள். சிரித்துக்கொண்டே மலைப்பாதையில் திரும்பினாள்.

நஞ்சப்பன் போனை எடுத்தார். முதலில் தெய்வானையின் பெயர் இருந்தது. அதைத் தாண்டிக் கீழே, வெகு கீழே போய், மகேந்திரனின் பெயரைத் தொட்டார்.

மறுமுனையில் உடனே எடுத்தான். "அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மா நல்லா இருக்கா. ஒண்ணுமில்லை. நான்தான்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு ரெஜினாவைப் பார்த்தார்.

"மாஸ்டர், என்ன பேசுறதுன்னே தெரியலையே?"

ரெஜினா கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"இப்ப பேக்கரி அடுப்புல என்ன வேகுதுன்னு கேளுங்க அண்ணே."