மீசையில் ஏறிய வச்சிரம்

மலையடிவாரத்தில் முன்னொரு காலத்தில் சாரலூர் என்று ஒரு சின்ன நாடு. அதை ஆண்டவர் வீரகஞ்சய பூபதி. நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் உத்தரவு. அவருக்கு மந்திரியாக வாய்த்தவர் அம்பலவாணர். மந்திரியாரின் தலை வழுக்கையானதற்கு வயது காரணமில்லை, அந்த உத்தரவுகள்தான் காரணம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை அவரும் மறுத்ததில்லை.

மகர்நோன்பு என்னும் விஜயதசமி அன்று ஊர்கூடிப் பார்க்க ராஜா வாழைமரத்தில் அம்பு எய்ய வேண்டும். அது அந்த நாட்டு வழக்கம். அதற்குச் சில நாள் முன்பு ஒத்திகை வைத்தார்கள். ராஜா நாணை இழுத்துவிட்டார். அம்பின் இரும்புமுனை கழன்று அவர் காலடியிலேயே விழுந்தது. வெறும் குச்சி போய் வாழைமரத்தில் பட்டுத் துள்ளியது. அந்தப்புரப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள், ராஜாவுக்கு முகம் சிவந்துபோயிற்று.

"அம்பு செய்தவன் எவன்?"

அம்புத்தச்சர் சிங்கணனை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அவர் வாய் திறப்பதற்குள் சபாரஞ்சிதர் முன்னால் வந்தார். இவர் அரண்மனையில் புகழ்பாடுகிறவர். மந்திரிப் பதவி மேல் இவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"மகாராஜா, குற்றம் பசையில்! இவன் முனையை எதை வைத்து ஒட்டியிருக்கிறான்? அரக்கு! பாண்டவர்களைக் கொளுத்தக் கட்டியது எந்த வீடு? அரக்கு வீடு! பெயரிலேயே அரக்கன் உட்கார்ந்திருக்கிறான். தச்சர்களிடம் ஒரு பசை இருக்கிறது, அதற்கு வச்சிரம் என்று பெயர். வச்சிரம் என்றால் இந்திரனின் ஆயுதம்! வைரம்! தங்கள் அம்புக்கு ஏற்றது அதுதான்."

அம்பலவாணர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐயா புலவரே, அது மாட்டுத்தோலைக் கொதிக்கவைத்துக் காய்ச்சுகிற பசை. மரத்துக்கு நல்லது, இறகுக்கும் நல்லது. ஆனால் ஈரம் பட்டால் இளகும். அரக்கு வெயிலில் இளகும். காலையிலிருந்து அந்த அம்பைத் தங்கத்தட்டில் வெயிலில் வைத்துவிட்டு நீர் பாட்டுப் பாடினீரே, அதில் இளகியதுதான் அந்த முனை!"

"பாட்டைக் குறை சொல்லாதீர் மந்திரியாரே, அது என்மேல் பாடிய பாட்டு" என்றார் ராஜா. "இன்று முதல் என் நாட்டில் எதை ஒட்டினாலும் வச்சிரம்தான். வேறு பசை கூடாது. இந்தச் சிங்கணன் சிறையில் இருந்தபடியே எனக்குப் புது அம்பு செய்யட்டும். அதுவும் சொதப்பினால் இவன் கட்டைவிரலை வெட்டிவிடுங்கள்."

"எதை ஒட்டினாலுமா மகாராஜா?"

"எதை ஒட்டினாலும்!"

"எந்த இடத்துக்கும் விலக்கு இல்லையே?"

"காதில் விழவில்லையா? இல்லை!"

சிறைக்குப் போன மந்திரியாரைப் பார்த்ததும் சிங்கணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, மகர்நோன்பு மழைக்காலம். வச்சிரத்தில் ஒட்டின முனை நிக்காதுங்க. கட்டைவிரல் போச்சுன்னா நான் எப்படிப் பிழைக்கிறது?"

"அழாதேயப்பா, எனக்கே அழுகை வருகிறது" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, மந்திரியார் நேராக அரண்மனை நாவிதரைத் தேடிப் போனார்.

ராஜாவின் மீசை நாடறிந்த மீசை. தினம் காலையில் நாவிதர் தேன்மெழுகு தடவி, முடியோடு முடி ஒட்டும்படி முறுக்கிவிடுவார். மறுநாள் காலையில் அவர் கையில் வேறொரு கிண்ணம் இருந்தது. அரைத்தூக்கத்தில் இருந்த ராஜா அதைக் கவனிக்கவில்லை.

சபைக்கு வந்து உட்கார்ந்தபோது மீசையில் தடவியது நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. மீசை இரண்டு கொம்பாக விறைத்து நின்றது. ராஜா சிரிக்கப் பார்த்தார், உதடு நகரவில்லை. மூச்சை இழுத்தார், உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா இது நாற்றம்? என் மூக்குக்குக் கீழே எந்த மாடு செத்தது?"

"அது வச்சிரம், மகாராஜா" என்றார் அம்பலவாணர் பணிவாக. "எதை ஒட்டினாலும் அதுதான் என்று உத்தரவு. எந்த இடத்துக்காவது விலக்கு உண்டா என்று அடியேன் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று தாங்களே சொன்னீர்கள்."

"இந்திரனின் ஆயுதம் தங்கள் முகத்தில்..." என்று சபாரஞ்சிதர் ஆரம்பித்தார்.

"வாயை மூடும்! மந்திரியாரே, இதை எடுத்துத் தொலையுங்கள்!"

நாவிதர் கத்தரிக்கோலை எடுத்தார். ராஜா அலறினார். மந்திரியார் வெந்நீரில் துணியை நனைத்து மீசைமேல் ஒற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பசை இளகி வழிய, கொம்புகள் இரண்டும் தொங்கிப்போயின.

"அப்பாடா" என்ற ராஜா, சட்டென்று நிமிர்ந்தார். "இருங்கள். தண்ணீர் பட்டால் இது விட்டுவிடுமா?"

"வெந்நீர் என்றால் உடனே விடும். மழைத்தண்ணீர் என்றால் கொஞ்சம் தாமதமாக விடும். மகர்நோன்பு அன்று மழை அவசரப்படாமல் நாள்முழுக்கப் பெய்யும், மகாராஜா."

ராஜா தொங்குகிற மீசையைத் தடவிப் பார்த்தார். "அப்படியானால் எதில்தான் ஒட்டுவது?"

"அதை வேலை தெரிந்தவனிடம் விட்டுவிடுங்கள். முனைக்கு அரக்கு. ஒடிந்தால் சூடுகாட்டிக் கழற்றி வேறு குச்சியில் மாட்டலாம். இறகுக்கு வச்சிரம், அதன்மேல் நூல் சுற்றி மெல்லிசாக அரக்குப் பூச்சு. அம்பை நிழலில் வைத்துக்கொண்டால் போதும்."

சிங்கணனை அப்போதே விடுதலை செய்தார்கள். மகர்நோன்பு அன்று மழை கொட்டியது. நனைந்துகொண்டே ராஜா எய்த அம்பு வாழைமரத்தில் இறகு வரைக்கும் இறங்கி நின்றது. ஊரே ஆர்ப்பரித்தது. ராஜா தன் கைக்காப்பைக் கழற்றிச் சிங்கணனுக்குப் போட்டார், தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரியாருக்குப் போர்த்தினார். பிறகு சபாரஞ்சிதர் பக்கம் திரும்பினார்.

"பெயரைப் பார்த்துப் பசையைத் தேர்ந்தெடுத்தீர். உம்மை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சபையை மகிழ்விக்கிறவர் என்று பெயர் இருக்கிறதே என்று உம்மை அரண்மனையில் வைத்ததும் நான்தானே!"

கூட்டமே சிரித்தது. அத்தனை வருஷத்தில் ராஜா பேசியதைக் கேட்டு மந்திரியார் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.