உத்திரத்துக்கு ஓர் உத்தரவு

"சுண்ணாம்புக்கே நரை விழுந்துடும் போலிருக்கு. உத்தரவு இன்னும் பிறக்கலை!"

தெருவோரம் யாரோ சொன்ன இந்தப் பேச்சு, அரண்மனையிலிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த கூத்தபிரானின் காதில் விழுந்தது. செங்குளத்து அரசர் வீரவல்லபரின் அவையில் வாய்ச்சாதுர்யத்துக்குப் பேர்போனவர் அவர். வேடிக்கையான பேச்சு எங்கே கேட்டாலும் கால் தானாக நின்றுவிடும். நின்றது.

சொன்னவர் மருதமுத்துக் கொத்தனார். ஒரு பழைய வீட்டின் முன்னால், குழியில் ஊறிக் கிடந்த சுண்ணாம்பைக் கழியால் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் புதுத் தேக்கு உத்திரம் ஒன்று பாயால் மூடிக் கிடந்தது. ஓடுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் தயார். வேலை மட்டும் நடக்கவில்லை.

"எத்தனை நாளாக ஊறுகிறது?"

"மூணு வருஷம் ஆச்சுங்க."

பேச்சுச் சத்தம் கேட்டு வீட்டுக்காரி தேவகுஞ்சரி வெளியே வந்தாள். விஷயம் இதுதான். செங்குளத்தில் நூறு வயது தாண்டிய வீடெல்லாம் நாட்டின் பெருமை. பழமனை அதிகாரியின் அனுமதி இல்லாமல் அதில் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அது திருமேனிநாதர் என்ற அதிகாரியின் கையில் இருந்தது.

"முதல்ல வீட்டோட படம் கேட்டார். கொடுத்தோம். அப்புறம், வீட்டைக் கட்டினவரோட சம்மத ஓலை வேணும்னார். அவர் செத்து நூறு வருஷமாச்சுங்களேன்னேன். 'அப்படியா? செத்துட்டேன்னு அவர்கிட்ட ஓர் ஓலை எழுதி வாங்கிட்டு வா'ன்னார்."

"உத்திரத்தை வந்து பார்த்தாரா?"

"பார்த்தாருங்க. கரையான் அரிச்சுத் தொங்குதுன்னு காட்டினேன். கரையானும் அந்தக் காலத்துப் பரம்பரைதான், அதையும் கலைக்கக் கூடாதுன்னுட்டார்."

கூத்தபிரான் சிரித்தார். தேவகுஞ்சரி சிரிக்கவில்லை.

"என் மக கோமளத்துக்கு இது தலைப்பிரசவம், ஐயா. அடுத்த மாசம் வளைகாப்பு. முடிஞ்ச கையோட அவளை இங்கே அழைச்சுட்டு வரணும். உத்திரம் தொங்குற வீட்டுக்கு மருமகளை அனுப்ப முடியாதுன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. வந்தப்புறம் சரிபண்ணலாம்னா, வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல கொத்துவேலை ஆகாது. நான் என்னதான் பண்றது?"

"விண்ணப்பம் கொடுத்தீர்களா, அம்மா?"

அவள் உள்ளே போய் ஓர் ஓலைக்கட்டை எடுத்து வந்தாள். பதினொரு விண்ணப்பங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் திருமேனிநாதர் தம் கையால் இரண்டே இரண்டு சொற்கள் எழுதி, அரசமுத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். கூத்தபிரான் பதினொன்றையும் பொறுமையாக வாசித்தார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"நாளைக் காலையில் வேலையை ஆரம்பியும். பழையது எப்படி இருந்ததோ, அச்சு அசல் அப்படியே கட்டும்."

"ஐயோ, உத்தரவு இல்லாமலா?"

"உத்தரவு நிறைய இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

இருபது நாளில் வேலை முடிந்தது. இருபத்தோராம் நாள் திருமேனிநாதர் மூச்சிரைக்க அவைக்குள் நுழைந்தார். தேவகுஞ்சரியைக் காவலர்கள் அழைத்து வந்தார்கள்.

"அக்கிரமம், அரசே! நூற்றைம்பது வயது உத்திரத்தை அனுமதியில்லாமல் இறக்கிவிட்டாள் இவள். வீட்டுக்கு முத்திரை வைத்து, இவளை வெளியேற்ற வேண்டும்!"

தேவகுஞ்சரியின் கையிலிருந்த ஓலைக்கட்டைக் கூத்தபிரான் மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அனுமதி இருக்கிறது, அரசே. அதிகாரியே கொடுத்திருக்கிறார். ஒருமுறை அல்ல, பதினொரு முறை."

"பொய்!"

"கையெழுத்து உம்முடையதுதானே? அரசே, தாங்களே வாசியுங்கள்."

அரசர் முதல் ஓலையை வாசித்தார். "ஆகட்டும், பார்க்கலாம்." அடுத்ததைப் பிரித்தார். "ஆகட்டும், பார்க்கலாம்." பதினொன்றிலும் அதே.

"ஆகட்டும் என்று எழுதினார், ஆகிவிட்டது" என்றார் கூத்தபிரான். "பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். யார் தடுத்தார்கள்?"

அவை கொல்லென்று சிரித்தது. திருமேனிநாதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது குதர்க்கம், அரசே! எங்கள் இலாகாவில் 'ஆகட்டும்' என்றால் 'ஆகாது' என்று அர்த்தம். ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அரசர் சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியா? எனக்குத் தெரியாமல் போயிற்றே. கோடை மண்டபம் ஒழுகுகிறது, சரிசெய்யும் என்று போன மாதம் உம்மிடம் சொன்னேன். நீர் என்ன பதில் சொன்னீர்?"

திருமேனிநாதர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆகட்டும், அரசே... என்றேன்."

"அதற்கு என்ன அர்த்தம்?"

அதிகாரி மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார். கழுத்தையும் துடைத்தார். துடைக்க வேறு இடம் இல்லை.

"ஆகட்டும் என்றால்... ஆகட்டும்தான், அரசே."

"அப்படியானால் இந்த அம்மாளுக்குக் கொடுத்தது என்ன?"

"அனுமதி, அரசே."

"எத்தனை முறை?"

"பதினொரு முறை, அரசே."

கூத்தபிரான் இரண்டு கைகளையும் கூப்பி அதிகாரியைக் கும்பிட்டார்.

"என்ன தாராள மனசு! ஒரே ஓர் உத்திரத்துக்குப் பதினொரு உத்தரவு கொடுத்த அதிகாரி வேறெந்தத் தேசத்தில் இருக்கிறார், அரசே?"

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார். பிறகு தேவகுஞ்சரியைப் பார்த்து, "எதற்கும் முறைப்படி புது அனுமதி ஓலை ஒன்று எழுதித் தரச் சொல்கிறேன். சற்றே காத்திரு, அம்மா" என்றார்.

அரண்மனை எழுத்தர் எழுத்தாணியைத் தேடி எடுத்து நிமிர்ந்தபோது, தேவகுஞ்சரி மகள் ஊருக்கு வண்டி ஏறியிருந்தாள்.