கார் இல்லாமல் ஆபீஸ் போன கதை

சென்னையில் போக்குவரத்து நெரிசலைக் குறைப்பது எப்படி என்று அறிக்கை எழுதுவது எங்கள் உத்தியோகம். குலசேகரன், அந்தோணிராஜ், நான். மூவருக்கும் ஒரே குடியிருப்பு. ஆபீஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். மூன்று பேரும் மூன்று காரில் போவோம். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நெரிசலில் நிற்கும்போதே நெரிசலைப் பற்றி எழுதிவிடுவோம் என்பதால் தகவல்கள் கச்சிதமாக இருக்கும்.

நாங்கள் தாமதமாகப் போனதில் அறிக்கையை வாங்க வந்த கமிட்டி இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டது. எங்கள் மேலாளர் பரிமளா மேடம் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு கமிட்டி வர்றாங்க. அறிக்கை கையில இல்லேன்னா மூணு பேரும் வேற வேலை தேடிக்கோங்க. காரைத் தொடாதீங்க. நடந்து வாங்க. ரோட்டு விதியெல்லாம் மதிச்சு பத்திரமா வந்து சேருங்க."

எங்களை வேறு யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்களுக்கே தெரியும்.

காலை ஏழரைக்கு அறிக்கைப் பையோடு கிளம்பினோம். வாசலிலேயே ஆலோசனை.

"நடந்து போனாலும் ஓட்டுறதுக்குன்னு ஒருத்தர் வேணுமே," என்றார் குலசேகரன். "நான் லைசென்ஸ் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அப்ப நீங்க வலது பக்கம். நான் உங்களுக்கு இடது பக்கம். பையோட இவர் பின்சீட்டு," என்றார் அந்தோணிராஜ்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பின்னால் காலை நீட்டி நடக்க இடம் தாராளமாக இருந்தது.

அதே வரிசையில் நடுரோட்டில் போனோம். ஆபீஸ் எதிர்ப்புறமே தெரிந்தது. யூ டர்ன் மட்டும் ஒரு கிலோமீட்டர் தள்ளி, மேம்பாலத்துக்கு அடியில். விதியை மீறலாமா? நேராகப் போனோம். பாலத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதன் பின்னால் நாங்களும் நின்றோம்.

"இடது பக்கம் சந்து இருக்கு. புகுந்து போயிடலாமா?" என்றேன்.

"இடது பக்கம் ஓவர்டேக்கா? நீங்கல்லாம் என்னய்யா அறிக்கை எழுதுறீங்க?" என்று சீறினார் குலசேகரன்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாற்பது நிமிஷம் நின்றோம். பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. "முன்னாடி லாரி நிக்குதுல்ல, பறந்தா போக முடியும்?" என்று அந்தோணிராஜ் திரும்பிக் கத்தினார். நடைபாதையில் பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு ஓர் அம்மாளும் எங்களைத் தாண்டிப் போனார்கள். பாவம், இந்த வெயிலில் நடந்து போகிறார்களே என்று மூவரும் பரிதாபப்பட்டோம்.

எட்டே முக்காலுக்கு ஆபீஸ் வாசலைத் தொட்டோம். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காவலாளி எங்கள் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போல, "பார்க்கிங் ஃபுல் சார்," என்றார்.

மூவருக்கும் முகம் விழுந்துவிட்டது. இரண்டு தெரு சுற்றினோம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு வேன்களுக்கு நடுவே ஓர் இடம் கிடைத்தது. "வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிங்க, போதும்!" என்று நான் குரல் கொடுக்க, குலசேகரன் பின்பக்கமாக நடந்து வந்து அழகாக நிறுத்தினார்.

மணி எட்டு ஐம்பத்தைந்து. மேடத்திடமிருந்து போன்.

"கமிட்டி வந்தாச்சு. எங்கே இருக்கீங்க?"

"பின்தெருவுலதான் மேடம். பார்க் பண்ணிட்டோம்," என்றேன் பெருமையாக.

"அப்ப உடனே மேல வாங்க!"

மூவரும் கூடிப் பேசினோம். மேடம் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவருக்கு இந்தத் தெருவின் நிலவரம் தெரியாது. நான்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"வர்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம். நாங்க அந்தப் பக்கம் வந்துட்டா இந்த இடத்தை வேற எவனாவது பிடிச்சிடுவானே!"