பேரு தெரியாத கணக்கு சாரு

"உன் பேரு என்னம்மா?"ன்னு பத்தாங்கிளாஸுல ஒரு புள்ளையைக் கணக்கு சாரு கேட்டாரு பாருங்க, அங்கதான் எல்லாம் கவுந்துச்சு. பக்கத்துலயே கல்வி அதிகாரி நிக்கிறாரு!

"வருசம் முழுக்கப் பாடம் நடத்துறீங்க, புள்ளைங்க பேரு தெரியாதா?"ன்னு அதிகாரி முறைச்சாரு. ஹெச்.எம். அம்மா சுவத்தைப் பாத்தாங்க. அதிகாரி விடல. "வாத்தியார் இருந்தும் கணக்குல இத்தனை பேரு ஃபெயிலு! பத்தாங்கிளாஸையே மூடிட்டு எல்லாரையும் டவுனுக்கு அனுப்பவா?"

டவுனுன்னா அந்தக் கிளாஸு செவ்வந்தியோட படிப்பு அம்புட்டுதான், வீட்ல விடமாட்டாங்க. அவ அலுப்பா எந்திரிச்சா.

"சாரைத் திட்டாதீங்க சார். எங்களுக்கும் அவரு பேரு தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் வந்தாரு."

ஹெச்.எம். அம்மா கண்ணைக் காட்டியும் செவ்வந்தி நிறுத்தல.

"அடுத்து நீங்க பக்கத்து ஊரு ஸ்கூலுக்குத்தான போறீங்க? இவரையும் ஜீப்புல ஏத்திக்கோங்க சார். அங்கயும் இன்னைக்கு இவருதான் கணக்கு சாராம். உங்களுக்கு முந்திப் போய் நிக்கணும், பஸ்ஸு இல்லையேன்னு வந்ததுல இருந்து புலம்புறாரு."

அதிகாரி கணக்கு சாரைப் பாத்தாரு. சாரு பாவமா தலையாட்டினாரு.

வாத்தியாரே இல்லைன்னா புள்ளைங்க ஃபெயிலாகத்தான செய்யும்னு, மூடுற பேச்சை அதிகாரி அதோட விட்டாரு. சாரை ஜீப்புல ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டாரு. மறுநாள் கணக்கு பீரியடுல செவ்வந்தி கிளாஸு வழக்கம்போல சாரு இல்லாம சும்மாதான் உக்காந்திருந்துச்சு.

உங்க ஸ்கூல்லயும் அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் ஒரு சாரு வந்தாரா?