கூடாரத்தில் ஒரு கேள்வி

“நான் தயாராயிட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும், மேடம்?”

அற்புதராஜ் இப்படிக் கேட்டபோது ஷம்ஷாத் விமானத்தின் இறக்கையில் அப்பியிருந்த பூச்சிகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

அற்புதராஜ் பாளையங்கோட்டையில் பல் மருத்துவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டக் கற்க வந்தவர். ஷம்ஷாத் அவருடைய பயிற்சியாளர். வயதில் அவருடைய மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்.

இனித் தனியாகப் பறக்கலாம் என்று ஷம்ஷாத் சொல்லிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் அற்புதராஜிடம் ஒரு காரணம் இருந்தது. காற்று சரியில்லை. ராத்திரி தூக்கம் போதவில்லை. இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது.

இப்போதும் ஒன்று இருந்தது.

“விமானக் கண்காட்சி வருதுல்லா. பெரிய பெரிய ஆளுங்க வந்து பேசுதாங்க. அதையெல்லாம் கேட்டுட்டு வந்திருதேன்.”

“போகலாம் டாக்டர்” என்றார் ஷம்ஷாத். “நானும் அங்கே பேசறேன்.”

கண்காட்சி அவர்கள் பயிற்சி எடுக்கும் அதே விமானத்தளத்தில்தான் நடந்தது. சிறிதும் பெரிதுமாக விமானங்கள் வரிசையாக நின்றன. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சுற்றி வந்தார்கள். ஓர் ஓரமாகப் பேச்சுகளுக்கென்று கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே மின்விசிறிகள் வெக்கையைத்தான் வீசின.

அற்புதராஜ் காலையிலேயே முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டார். பக்கத்தில் ஷம்ஷாத்.

முதலில் ஒரு வானிலை ஆய்வாளர் மேகங்களைப் பற்றிப் பேசினார். அடுத்து, ஓய்வுபெற்ற விமானி ஒருவர். நடுவானில் எஞ்சின் நின்றுபோய், கடலை வயலில் விமானத்தை இறக்கிய கதையைச் சொன்னார். மூன்றாவதாக வந்த பொறியாளர், இறக்கை ஏன் மேலே எழும்புகிறது என்பதைப் படம் போட்டு விளக்கினார்.

வெளியே ஜெட் விமானங்கள் கூடாரம் அதிரக் கடந்து போகும்போதெல்லாம் கூட்டம் எழுந்து வெளியே ஓடியது. ஒருமுறை அந்தப் பொறியாளரே மைக்கை வைத்துவிட்டு ஓடினார். ஷம்ஷாத்தும் ஓடிப்போய், நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார்.

அற்புதராஜ் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. திரையில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

மதியம் எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவர் முகம் வாடியிருந்தது. ஒருவர் வேகம்தான் உயிர் என்கிறார், ஒருவர் உயரம்தான் உயிர் என்கிறார், இன்னொருவர் வானிலை தெரியாவிட்டால் இரண்டும் வீண் என்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியாத ஒண்ணு எங்கயோ கிடக்கு, மேடம். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்காங்க.”

ஷம்ஷாத் ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தினார்.

அன்றைய கடைசிப் பேச்சு ஷம்ஷாத்துடையது. ‘விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது எப்படி?’ என்று பலகையில் எழுதியிருந்தது. ஷம்ஷாத் மேடையேறி வணக்கம் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். கற்றுக்கொடுக்கிறவள் சொல்வதைவிடக் கற்றுக்கொள்கிறவர் சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். கீழே இறங்கி வந்து அற்புதராஜின் கையில் மைக்கைக் கொடுத்தார்.

பிறகு உட்கார்ந்துகொண்டார்.

அற்புதராஜுக்குக் காலையிலிருந்து கேட்டதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல், தான் செய்வதைச் சொன்னார். விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிப்பது. ஓடுதளத்தில் ஓட ஓட மூக்கு மெல்ல எழும்புவது. இறங்கும்போது தரை மேலேறி வருவதுபோல் இருப்பது. அந்த நேரத்தில் அவசரப்படாமல், சக்கரம் தானாகத் தொடும்வரை விமானத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது.

கூடாரம் அமைதியாகக் கேட்டது.

நடு வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். தான் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லித் தருகிறவர் தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே காலை வைத்திருக்கிறாராம். இவள் மிதிப்பதற்குள் அவர் மிதித்துவிடுகிறாராம்.

“நீங்க இறங்கறப்போ உங்க மேடம் என்ன பண்ணுவாங்க?”

“அவங்க முன்னாடியும் எனக்கு இருக்கிற மாதிரியே ஓட்டுற பிடி, பெடல் எல்லாம் இருக்கு. அவங்க…”

அற்புதராஜ் நிறுத்தினார்.

போன முறை இறங்கியதை நினைத்துப் பார்த்தார். அதற்கு முந்தின முறையையும் நினைத்துப் பார்த்தார்.

“கையை மடியில வச்சுக்கிட்டு, ஜன்னல் வழியா வெளியே பார்த்துக்கிட்டிருப்பாங்க.”

“எப்போலேருந்து?”

அற்புதராஜ் யோசித்தார். மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் கைகள் தன் கைகளோடு சேர்ந்து அசைந்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு தேடியும் அவற்றை மடியில்தான் பார்க்க முடிந்தது.

திரும்பி ஷம்ஷாத்தைப் பார்த்தார். ஷம்ஷாத் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நாளா” என்றார் அற்புதராஜ்.

யாரோ சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

கண்காட்சி முடிந்த மறுநாள் காலை, புல்வெளியெங்கும் காகிதக் கோப்பைகள் உருண்டுகொண்டிருந்தன. லேசான காற்று. இருவரும் வழக்கம்போல் ஒரு சுற்றுப் பறந்து இறங்கினார்கள். மறுபடி ஓடுதளத்துக்குப் போகாமல், அற்புதராஜ் விமானத்தை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

“மேடம், நீங்க இறங்கிக்கிடுதீங்களா?”

ஷம்ஷாத் ஏற்கெனவே பெல்ட்டைக் கழற்றியிருந்தார்.