குள்ளம்மாள் வைத்த முதற்பானை

சுரபுன்னைக் காட்டின் உப்பங்கழியில், சேற்று வளைக்குள் கைவிட்டு நண்டு பிடித்துப் பிழைத்தவர் குள்ளம்மாள் என்னும் இருளர் குலத்து அம்மையார். வலையோ படகோ அவருக்கில்லை. பனையோலையால் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டு, முழங்காலளவு நீரில் தவழ்ந்து செல்வார். வாய் திறக்க வழியில்லாததால் கன்னியம்மனின் பெயரை நெஞ்சுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்.

சினை நண்டு அகப்பட்டால் மட்டும், "போயிப் பெத்துப் பொழச்சு வா தாயி" என்று மனத்துள் வாழ்த்தி விட்டுவிடுவார். வியாபாரி துரைக்கண்ணுவோ அதற்குத்தான் இரட்டை விலை கொடுத்தார்.

"சினை நண்டுன்னா சிங்கப்பூர்க்காரன் வாயப் பொளந்துகிட்டு வாங்குறான். நீ என்னடான்னா கழியில கொட்டிட்டு வர்ற!" என்பார். குள்ளம்மாள் சிரித்தபடியே சின்ன நண்டுகளைத் தராசில் வைப்பார்.

அவ்வாண்டு மாசி மகத்தில் கன்னியம்மனுக்கு முதற்பானைப் பொங்கல் வைக்கும் முறை அவர் வீட்டுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாய்க்கும் பேறு. ஆனால் பத்து நாளாகக் கழியில் நண்டே இல்லை. வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. மகத்துக்கு முதல்நாள் அந்தியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒரு கிலோவுக்குக் குறையாது. கவிழ்த்துப் பார்த்தார். வயிற்று மூடிக்கடியில் கொத்துக் கொத்தாய்ச் சினை.

விற்றால் அரிசியும் வெல்லமும் வந்துவிடும். அம்மனுக்காகத்தானே? பறியை இறுகக் கடித்தபடி நின்றார். 'உனக்குப் பொங்கறதுக்கு ஒரு ஆத்தாளை நான் விக்கறதா?' நண்டைக் கடல்முகமாகத் திருப்பி நீரில் விட்டுவிட்டார். கண்டவர் எவருமில்லை. அவரும் எவரிடமும் சொல்லவில்லை.

விடியலில் கடற்கரையில் கன்னியம்மனுக்கு மணலால் ஏழு படி கட்டி உறவெல்லாம் கூடியிருந்தது. குள்ளம்மாள் வெறும் தண்ணீரைப் பானையில் ஊற்றி அடுப்பேற்றினார்.

நாத்தனார் வேம்பு கைகொட்டிச் சிரித்தாள். "ஏ அண்ணி, அம்மனுக்கு வெந்நி வச்சுக் குளிப்பாட்டப் போறியா?"

சிரிப்பு அடங்குமுன் அருள் அவள்மேலேயே இறங்கிற்று. கூந்தல் அவிழ, கணீரென்று கேட்டாள்: "நேத்து அந்தியில என் சூலிப் பொண்ணைக் கடலுக்கு அனுப்பி வச்சவ எங்க? அவ பானையத்தான் மொதல்ல தொடுவேன்!"

ஆவி பறக்கும் வெறுநீரை மூன்று கை அள்ளிப் பருகினாள். "வயிறு நெறஞ்சுது" என்றாள்.

பறியைக் கடித்துப் பழகிய அந்த வாய், அன்று கடலலைக்கு மேலாக "கன்னியம்மா!" என்று கூவிற்று. யாரும் காணாத கழியில் ஓர் உயிருக்கு இரங்கிய அந்தச் சேற்றுக் கைகள், நாம் கூப்பித் தொழத் தக்கவை.