தேனீக்கு வைத்த சர்க்கரைத் தண்ணீர்

குன்றின் அடிவாரத்தில் ஒரு முயலும் ஒரு கரடியும் கூட்டாகப் பூசணி பயிரிட்டு வந்தன. மழை இப்போதெல்லாம் மாதம் பார்த்து வருவதில்லை. போன இரண்டு போகத்தில் ஒன்று காய்ந்தது, மற்றது அழுகியது. மிஞ்சியது ஒரு பிடி விதை. அதுவும் போனால் நிலத்தை விட்டுப் பிழைப்புத் தேடிப் போகவேண்டியதுதான்.

வயலோரம் தேன்பெட்டி வைப்போம் என்றது முயல். மழை பொய்த்தால் தேனாவது மிஞ்சும், பெய்தால் தேனீ வந்து உட்கார்ந்து பூவெல்லாம் காயாகும் என்று விளக்கியது. கரடி ‘தேன்’ என்ற சொல்லோடு கேட்பதை நிறுத்திவிட்டுத் தலையாட்டியது. பெட்டி வைத்ததும் தேனீக்கள் வந்து குடியேறின.

கோடை வந்தது. காட்டில் ஒரு பூ இல்லை. முயலுக்கோ பேறுகாலம்.

“கரடியண்ணே, பத்து நாள் நான் வளையைவிட்டு வரமுடியாது. தினமும் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் சர்க்கரைத் தண்ணீர் வை. பூ இல்லாத காலத்தில் தேனீக்கு அதுதான் சோறு.”

மூன்று முறை சொன்னது. மூன்று முறையும் கரடி, “சரி தங்கச்சி” என்றது.

முயல் திரும்பி வந்தபோது பெட்டி காலி. கிண்ணம் பளபளவென்றிருந்தது.

“வைத்தாயா அண்ணே?”

“முதல் நாள் வைத்தேன். அப்புறம் யோசித்தேன். இனிப்புத் தருகிறவர்களுக்கே நாம் இனிப்புக் கொடுப்பதா? வீணாகக்கூடாதே என்று நானே குடித்துவிட்டேன்.”

“பால் தருகிற மாட்டுக்குத் தீனி போடுவதில்லையா?”

“அது புல், தங்கச்சி. பாலையா ஊற்றுகிறார்கள்?”

முயல் இரண்டு காதையும் முன்னால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

பருவம் தப்பி மழை கொட்டியது. கடைசி விதையை ஊன்றின. ஒன்றரை மாதத்தில் வயல் முழுக்க மஞ்சள் பூ. ஆனால் பூசணிப்பூ காலையில் விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும். ஒரு தேனீ எட்டிப் பார்க்கவில்லை. தேனீயின் வேலையைத் தானே செய்வதாகக் கிளம்பிய கரடி, பூவுக்குப் பூ மூக்கை நுழைத்தது.

“விடு அண்ணே. நீ மூச்சு விட்டாலே பூ விழுகிறது” என்று முயல் தேனீக்களைத் தேடி ஓடியது. காடெல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு பாறையிடுக்கில் அவற்றைக் கண்டு கெஞ்சியது.

வாசலில் இருந்த தேனீ சொன்னது: “பூத்த காலத்தில் யாரும் கூப்பிடுவார்கள், அம்மா. காய்ந்த காலத்தில் உன் அண்ணன் எங்கள் கிண்ணத்தை நக்கினான். இங்கே கூடு கட்டி முட்டையும் வைத்தாயிற்று. இனி வரமாட்டோம்.”

பூவெல்லாம் காயாகாமல் உதிர்ந்தது. முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டது.

“இருந்தாலும் கொடி நன்றாகத்தான் படர்ந்தது, இல்லையா தங்கச்சி?” என்றது கரடி.



வறண்ட நாளில் துணைக்குச் சோறு போடாதவனுக்கு, பூத்த நாளும் பட்டினி நாள்தான்.